ஃப்ளெக்ஸில் இருந்த என் படிப்பு

என் படிப்பைப் பயிற்சியாளர் முத்துகுமரனின் உடம்பில் ஒட்டி விற்றவர் ஜிம் உரிமையாளர் உமாசங்கர். அதை நம்பி வந்த நூர்நிஷா என்ற பெண் இன்று மருத்துவமனையில் கிடக்கிறார். முதலில் இதைத்தான் எழுத வேண்டும் என்று சொன்னேன். பெயர், வயது, விலாசம் இல்லாமல் எதையும் எழுத முடியாது என்று தலைமைக் காவலர் சொன்னதால் அவற்றையும் சொல்கிறேன்.

என் பெயர் சண்முகப்பிரியா. தகப்பனார் பெயர் தில்லைநாயகம். வயது இருபத்தேழு. இருப்பது இலத்தூர். தொழில் என்ற இடத்தில் முதலில் ‘ஜிம் பணியாள்’ என்று எழுதப்பட்டது. நான் உடற்பயிற்சி உடலியலும் சத்துணவும் படித்து எம்.எஸ்சி. முடித்தவள், எனவே ‘பயிற்சி மற்றும் உணவு ஆலோசகர்’ என்று எழுத வேண்டும் என்று கேட்டேன். அடித்துத் திருத்தி எழுதப்பட்டது. அப்போது பக்கத்து மேசையிலிருந்த காவலர் ஒருவர், எடையையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாமே என்று சொல்லிச் சிரித்தார். என்மீது வந்திருக்கும் புகாருக்கு அது தேவையில்லை என்று சொன்னேன். நான் பருமனானவள். பார்த்தாலே தெரியும்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையோரம் கட்டியிருந்த தன் விளம்பர ஃப்ளெக்ஸை நான் கத்தியால் வெட்டிச் சேதப்படுத்தினேன் என்பது உமாசங்கர் கொடுத்துள்ள புகார். வெட்டியது நான்தான். ஏன் வெட்டினேன் என்பதை நடந்த வரிசைப்படி சொல்கிறேன்.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் உள்ள அவருடைய ஜிம்மில் வேலைக்குக் கேட்டுப் போனேன். அவர் என் சான்றிதழ்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், மறுபடியும் சான்றிதழ்களைப் பார்த்தார். அதன் பிறகு, “எம்மா, இப்பல்லாம் சுகரு, பிரஷருன்னு டாக்டர்மாரே ஆளு அனுப்புதாவ. படிச்ச ஆளு யாருன்னு கேக்காவ. அதுக்கு நீ வேணும். ஆனா ஒன்ன முன்னால நிப்பாட்ட முடியாது, கோவிச்சுக்காத. நீ உள்ள இருந்து சார்ட்டு எழுது,” என்றார். வேலை வேண்டியிருந்ததால் ஒப்புக்கொண்டேன். தண்ணீர்க் கேன்கள் அடுக்கியிருந்த பின்னறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

அதன் பிறகு நான் உறுப்பினர்களுக்கு உணவுமுறையும் பயிற்சிமுறையும் எழுதிக் கொடுத்து வந்தேன். அவர்கள் அதை வாங்கி மடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய் முத்துகுமரனிடம் காட்டி, இது சரிதானா என்று கேட்பார்கள். அவன் பிளஸ் டூ வரை படித்தவன். வயது இருபத்திநான்கு. அவனுடைய திரண்ட கையைப் பார்த்தபடியேதான் எல்லாரும் அவனிடம் பேசுவார்கள். அவன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேடம் எழுதுனத மேடமே சாப்பிடட்டும், நீங்க வாங்கண்ணாச்சி,” என்பான். சிரிப்பு வரும். ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, “மொதல்ல நீங்க கொறைங்க, பொறவு எங்களுக்குச் சொல்லுங்க,” என்றார். நீச்சல் தெரிந்தவரெல்லாம் நீச்சல் வாத்தியார், பிள்ளை பெற்றவரெல்லாம் டாக்டர் என்று யாரும் சொல்வதில்லை. ஜிம்மில் மட்டும் அப்படிச் சொல்கிறார்கள். இந்த வரி தேவையா என்று தலைமைக் காவலர் கேட்டார். தேவை என்று சொன்னேன்.

முத்துகுமரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் உடம்பு பொய் இல்லை. விடியுமுன் எழுந்து உழைத்து உண்டாக்கியது. ஆனால் அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு உடம்பு மட்டும்தான். அடுத்தவர் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று அவன் படித்ததில்லை, படிக்கச் சொன்னவரும் இல்லை.

இந்த ஆண்டு ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் சீசன் கூட்டத்துக்காக இரண்டு ஃப்ளெக்ஸ் அடிக்கப்பட்டன. ஒன்றை ஜிம் வாசலிலும் மற்றொன்றை ஐந்தருவிச் சாலையிலும் கட்டினார்கள். முத்துகுமரன் சட்டையில்லாமல் அருவியில் தோள் நனைய நிற்கும் படம் அது. படத்தின் கீழே அவன் பெயரும், அதையடுத்து எம்.எஸ்சி. என்றும், அதன் கீழே நான் படித்த பாடத்தின் முழுப் பெயரும் இருந்தன. என் பெயர் எங்கும் இல்லை. செங்கோட்டையில் அதை வடிவமைத்த ஹுஸைஃபாவுக்குப் போன் செய்து கேட்டேன். அவர், “எக்கா, அண்ணாச்சி ஒரு போட்டோ அனுப்புனாரு, ஒரு டிகிரி அனுப்புனாரு. பேரு ஒண்ணுதான் குடுத்தாரு. ஆளு இருக்கிற இடத்துலதான படிப்பப் போடணும்? தப்பா?” என்று கேட்டார். தப்பு என்று சொன்னேன். “அண்ணாச்சி பாத்துட்டு சூப்பர்னாரே,” என்றார்.

அதன் பிறகு உமாசங்கரிடம் போய்ச் சொன்னேன். அவர், “ஹுஸைஃபா தெரியாமப் போட்டுட்டான். ஆனா பாரு, எடுப்பா இருக்கு. சீசன் முடியட்டும், மாத்திருவோம்,” என்றார். முத்துகுமரனிடமும் சொன்னேன். அவன், “நான் போடச் சொல்லலயே மேடம். எங்க தெருவுல எல்லாரும் பாத்துட்டாவ. இப்ப எடுத்தா எனக்குத்தான அசிங்கம்,” என்றான். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

நூர்நிஷா வடகரையைச் சேர்ந்தவர். கணவர் சவூதியில் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆனி மாதத்திலேயே பெண்களுக்கான காலை வகுப்பில் சேர்ந்தார். முதல் வாரத்தில் என்னை அங்கே பார்த்தவர், “நீங்களும் சேந்திருக்கீங்களா? கொறஞ்ச மாதிரித் தெரியலயே,” என்று அன்பாகத்தான் கேட்டார். நான் இங்கே வேலை பார்க்கிறேன் என்றேன். கூட்டிப் பெருக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டு, “தண்ணி கேனு எங்கன இருக்கு?” என்றார். உணவுமுறை எழுதுவது நான்தான், எம்.எஸ்சி. படித்தது நான்தான், சர்க்கரை நோய் இருந்தால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பயிற்சி தொடங்க வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே வாசலைக் காட்டி, “எம்எஸ்சி அந்தத் தம்பில்லா? போர்டுல போட்டுருக்கே,” என்றார். நான் விடாமல் திரும்பவும் சொன்னேன். அதற்குள் உமாசங்கர் வந்து, “எம்மா, உள்ள போ, சார்ட்டு நிக்குது,” என்று என்னை அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை, நூர்நிஷா டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். பக்கத்திலிருந்த இரும்புக் கம்பியில் அவர் தலை மோதியது. நான் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். உடம்பு வேர்த்துச் சில்லிட்டிருந்தது. சர்க்கரை இறங்கிய மயக்கம் என்று எனக்குத் தெரிந்தது. சாப்பிட்டாரா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்று கத்தினேன். முத்துகுமரன் கையில் ஜூஸ் பாட்டிலோடு நின்றான். தென்காசியில் முதலுதவி செய்து, அதன் பிறகு திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் நான் திருநெல்வேலி போனேன். அவருடைய மகள் ஷிஃபா, கல்லூரியில் படிப்பவள், முத்துகுமரன் நூர்நிஷாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்த குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினாள். அதில் அவன், “எக்கா, வெறும் வயித்துல ஓடுனாத்தான் கொழுப்பு உருகும். மாத்திரய நிப்பாட்ட வேண்டாம், அது பாட்டுக்கு அது. ரெண்டு மாசத்துல சுகரு ஓடிரும் பாருங்க,” என்கிறான். விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் அவர் வந்து ஓடியிருக்கிறார். இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதுதான் நான் படித்த படிப்பு.

முத்துகுமரனின் உடம்பைப் பார்த்துத்தான் உன் அம்மா நம்பினாரா என்று ஷிஃபாவிடம் கேட்டேன். அவள், “இல்ல மேடம். உம்மாக்கு அந்த போட்டோவே புடிக்கல, சட்டையில்லாம நிக்கான்னு ஏசுனாங்க. படிச்சவங்க சொன்னா மட்டும்தான் கேப்பாங்க. எம்எஸ்சின்னு பாத்துட்டுத்தான் சேந்தாங்க,” என்றாள்.

இதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த ஜிம்முக்கு வந்தவர்களில், உடம்பைப் பார்க்காமல் படிப்பைப் பார்த்து நம்பியவர் என்று எனக்குத் தெரிந்தவரை அவர் ஒருவர்தான். அவர் நம்பியது என் படிப்பை. அது வேறொருவன் படத்தின் கீழே இருந்தது.

அன்றே நூர்நிஷாவின் தம்பி முகம்மது ஆசிக் ஜிம்முக்குப் போய், யார் சொல்லி இப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறார். உமாசங்கர், “எம்எஸ்சி படிச்ச பிள்ள இருக்கு, எல்லாம் அதுதான் எழுதிக் குடுக்கும்,” என்று சொன்னாராம். அது உண்மையா என்று ஆசிக் என்னிடமே போனில் கேட்டார். படிப்பு அன்றுதான் என்னிடம் திரும்பி வந்தது. நூர்நிஷாவுக்கு நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபோது, ஜிம் வாசலில் இருந்த ஃப்ளெக்ஸ் இல்லை. எங்கே என்று கேட்டேன். பழையதாகிவிட்டது, மாட்டுத் தொழுவத்துக் கூரைக்குக் கொடுத்தாயிற்று, புதியது சாயங்காலம் வருகிறது என்றார்கள். புதியதில் எம்.எஸ்சி. இருக்காது என்று ஹுஸைஃபா போனில் சொன்னார். ஐந்தருவிச் சாலையில் இருப்பதும் போய்விட்டால், அப்படி ஒரு எழுத்து இருந்ததற்கே சாட்சி இல்லாமல் போகும் என்று எனக்குப் பட்டது. உடனே பஸ் ஏறிக் குற்றாலம் போனேன்.

நல்ல சாரல். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஃப்ளெக்ஸின் கீழ்ப்பக்கம் என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. முதலில் போனில் முழுவதையும் படம் எடுத்தேன். அதன் பிறகு பக்கத்தில் மங்குஸ்தான் பழம் விற்கும் ஒரு அம்மாளிடம் பழம் வெட்டும் கத்தியை வாங்கினேன். அவர் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர், “ஏட்டி, அங்கன என்னத்த வெட்டுத? வெட்டுததுன்னா முழுசா வெட்டு, என் கடைக்குத் தார்ப்பாயா ஆவும்,” என்றார். நான் பெயரையும் படிப்பையும் மட்டும் வெட்டினேன். கை வழுக்கியதில் அவன் முழங்கையில் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது. அது தெரியாமல் நடந்தது. மற்றபடி உடம்பை நான் தொடவில்லை. குளிக்க வந்தவர்கள் சிலர் நின்று வீடியோ எடுத்தார்கள். எடுக்கட்டும் என்று நின்றேன். கத்தியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, வெட்டிய துண்டைச் சுருட்டிக்கொண்டு நேரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. இதையும் எழுத வேண்டும்.

நான் வந்து நூர்நிஷாவுக்கு நடந்ததைப் புகாராகக் கொடுத்தபோது, உட்காரச் சொன்னார்கள். அதன் பிறகு வந்த உமாசங்கரின் புகார் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அவரோடு முத்துகுமரனும் வந்திருந்தான். வாசலில் இரண்டு காவலர்கள் அவனிடம் தோளுக்கு என்ன பயிற்சி செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

நான் சொன்னதும் இங்கே எழுதியிருப்பதும் ஒன்றே. படித்துப் பார்த்துவிட்டேன். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் இதைச் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸை வெட்டியதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் ஒப்படைத்த துண்டு இன்னும் மேசைக்கு அடியில்தான் கிடக்கிறது. அதைச் சாட்சியப் பொருளாகப் பதிய வேண்டும். ஷிஃபாவிடம் உள்ள குரல் பதிவை வாங்க வேண்டும். நூர்நிஷாவுக்காக நான் கொடுத்த புகாரைப் பதிந்து இன்றே ரசீது தர வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று இதிலேயே எழுதித் தர வேண்டும். அதற்காக என் கையெழுத்துக்கு மேலே இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

பதில்:



(ஒப்பம்)
தி. சண்முகப்பிரியா, எம்.எஸ்சி.