பதினேழாம் நம்பர் வீட்டு உரம்

மழை மாதங்களில் விடியற்காலையில் என் வலது கை விரல்கள் மடங்காது. வெந்நீரில் ஊறவிட்டால்தான் துடைப்பத்தைப் பிடிக்கவே முடியும். எட்டு வயதில் கல் உடைக்கிற இடத்தில் ஜல்லி அள்ளத் தொடங்கிய கை, வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம். இதை முதலிலேயே சொல்லக் காரணம், கடைசியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்வீர்கள். அது கோணலாக வரும். பயத்தில் கை நடுங்கியது என்று நினைத்துவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. எனக்குப் பயமில்லை.

என் பெயர் அங்காளம்மாள். ஐம்பத்து மூன்று வயது. ஒப்பந்தக்காரரிடம் வேலை. காலையில் தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் போய்க் குப்பை வாங்குவேன். மதியம் உரக் கொட்டகையில் மக்கிய உரத்தைச் சலிப்பேன்.

போன ஆடியில் வீட்டுக்கு இரண்டு டப்பா கொடுத்தார்கள். மக்குகிற குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். காலை ஆறரைக்கு வாசலில் வைத்துவிட வேண்டும். ஜனங்களுக்கு அது பிடிபட மாதக் கணக்கானது. தண்ணீர் வராத ஊரில் புது டப்பா கொடுத்தால் என்ன செய்வார்கள்? பாதி வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். ஒரு வீட்டில் நீல டப்பாவில் புழுங்கலரிசி இருந்தது. கேட்டால், "மக்காததத்தானே போடச் சொன்னீங்க, அரிசி மக்குமா?" என்று எங்களையே மடக்கினார்கள்.

என்னோடு வண்டி தள்ளியவள் லிடியா. இருபத்தெட்டு வயது. வாய் ஓயாது. பச்சை டப்பாவில் பிள்ளை டயப்பரைப் போட்ட பெண்ணிடம், "நீங்களும் மக்கிருவீங்க, நானும் மக்கிருவேன், இது மட்டும் மக்காதுக்கா" என்பாள். திட்டுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாது. ஆனால் மறுநாள் அந்த டயப்பர் நீல டப்பாவுக்குப் போயிருக்கும்.

பதினேழாம் நம்பர் வீடுதான் வழிக்கு வரவில்லை. மொக்கைச்சாமி அய்யா ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்தவர். மனைவி இறந்த பிறகு இங்கே மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். மகன் வெளிநாட்டில். வீட்டில் அவரும் மருமகள் ஜீவிதாவும்தான்.

"ஏம்மா, ஒரு நாளைக்கு அம்பது லோடு காய் ஏத்துன ஆளு நானு. சாம்பாரு தனி, பாட்டிலு தனின்னு உனக்குப் பிரிச்சுக் குடுக்கோணுமாக்கும்? அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?" என்றார்.

"அய்யா, நல்ல தக்காளிக்குள்ள அழுகலை வச்சுக் கொண்டாந்தா உங்க மண்டிக்குள்ள விடுவீங்களா?" என்றாள் லிடியா.

அவர் சிரித்துவிட்டார். ஆனால் பிரிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், நல்ல மழை. அவர் வீட்டுப் பச்சை டப்பாவைக் கவிழ்த்து லிடியா கையால் அளைந்தாள். சாம்பார் சோற்றுக்கு அடியில் உடைந்த பிராந்தி பாட்டில் கிடந்தது. உள்ளங்கை கிழிந்தது. அவர் வீட்டுக் குழாயிலேயே கழுவி, துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சத் தெருவையும் முடித்தாள். மூன்றாம் நாள் முழங்கை வரை வீங்கியது. ஐந்தாம் நாள் உயிரைக் காப்பாற்றுவதற்காக மணிக்கட்டோடு கையை எடுத்தார்கள். வலது கை.

மேஸ்திரி ஸ்டான்லி விபத்து என்று எழுதினார். தொழிலாளி கையுறை அணியவில்லை என்றும் சேர்த்து எழுதினார். மொக்கைச்சாமி அய்யா அதைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "கிளவுஸ் போடாம கையை உட்டா அதுக்கு நானா பொறுப்பு?" என்றார். அவர் பேசியதிலேயே என்னால் பொறுக்க முடியாத பேச்சு அதுதான்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. லிடியா வீட்டுக்கு ஒரு மூட்டை சின்ன வெங்காயம் அனுப்பினார். நான் போனபோது ஒரு வெங்காயத்தைக் கால் பெருவிரலில் இடுக்கிக்கொண்டு இடது கையால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குள்ள ரெண்டு உரிச்சிருவேன்க்கா. மூட்டை முடியுறதுக்குள்ள கெழவியாகிருவேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். திரும்பி வருகிற வழியில்தான் முடிவு செய்தேன்.

அவசரப்படவில்லை. அவசரமாகச் செய்கிற வேலை எதுவும் உருப்படாது.

லிடியா கை போன பிறகு அவர் திருந்திவிட்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உடைந்த கண்ணாடியை நான்கு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, "பாத்துப் புடிம்மா" என்று என் கையிலேயே கொடுப்பார். ஸ்டான்லி அவரைத் தெருவுக்கே உதாரணமாகக் காட்டினார். நான் அந்தப் பொட்டலங்களைக் கொட்டகையில் ஒரு டின்னில் சேர்த்து வைத்தேன். திருந்தியது நல்லதுதான். அதனால் கை முளைக்காது.

சித்திரையில் ஒரு நாள் உச்சி வெயில். அவர் வெறுங்காலோடு தெருவுக்கு வந்து சாக்கடையின் இரும்பு மூடி மேல் நின்றபடி என்னோடு செத்த நேரம் பேசினார். அந்த மூடியில் நாய்கூடக் கால் வைக்காது. அவர் காலை மாற்றி வைக்கக்கூட இல்லை. நீல டப்பாவில் அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டைகளை நான் தினமும் பார்க்கிறவள். காலில் உணர்ச்சி இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கே அது புரிந்திருந்ததா என்று தெரியாது.

குப்பையைச் சரியாகப் பிரித்துத் தருகிற வீட்டுக்கு மூட்டை உரம் இலவசம். வைகாசியில் அவருக்கு மூன்று மூட்டை வந்தது. சலித்தது நான். கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். வீட்டுக்குப் பின்னால் ரோஜாச் செடிகளுக்கு நடுவே ஒரு நடைவழி. மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் சர்க்கரை குறையும் என்று யாரோ சொல்லி, தினமும் காலையில் அதில் நாற்பது சுற்று நடப்பார்.

"குடுங்கய்யா, நானே பரப்பி விட்டுர்றேன்" என்றேன்.

"இந்தக் காலத்துல யாரும்மா இப்படிச் செய்வாங்க?" என்று மருமகளைக் கூப்பிட்டு எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

செடிக்குப் போட்டது நல்ல உரம். நடைவழியில் போட்டது மூன்றாவது மூட்டை. அவர் வீட்டுக் கண்ணாடியைத் தவிர வேறு வீட்டுக் கண்ணாடி ஒரு துண்டுகூட அதில் இல்லை. கூர் மேலே பார்த்திருக்கும்படி கையால் நட்டு, மேலே பொடி உரத்தைத் தூவினேன். மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு குப்பையே எனக்கு எல்லாம் சொன்னது. முதலில் கொஞ்சம் பஞ்சு வந்தது. அப்புறம் கட்டுத் துணி. ஆறாம் நாள் அதில் வாடை வந்தது. எல்லாவற்றையும் தாளில் சுற்றிச் சிவப்புக் குறி போட்டிருந்தார். அன்றைக்கு நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"கால்ல என்னங்கய்யா?"

"என்னமோ கீறிருச்சு. ஜீவிதா ஆஸ்பத்திரிக்குப் போலாம் போலாம்னு நச்சரிக்குது. துளி வலியில்லம்மா, அதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?"

நான் குனிந்து பார்த்தேன். பாதத்தின் ஓரம் கறுத்திருந்தது. லிடியாவின் கையில் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

"வலியில்லாத புண்ணு நல்ல புண்ணுங்கய்யா. மஞ்சப்பத்து போடுங்க, ஆறிரும்" என்றேன்.

உள்ளே திரும்பி, "கேட்டியா ஜீவிதா? அங்காளம்மாளே சொல்லிருச்சு" என்றார்.

பத்தாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், பிறகு மேலே எடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. சாவு வீட்டுக் குப்பையையும் நான்தான் அள்ளினேன். மாலைகள் பச்சைக்கு, பிளாஸ்டிக் டம்ளர்கள் நீலத்துக்கு. ஜீவிதா அழுதுகொண்டே பிரித்து வைத்திருந்தாள்.

போன வாரம் அவள் அந்த வழியைக் கொத்தியபோது கண்ணாடி கிடைத்ததால் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கூப்பிடாவிட்டால் நானாக வந்திருக்க மாட்டேன். குப்பையில் கண்ணாடி கிடந்தால் அது விபத்து என்று லிடியாவுக்கு எழுதினார்கள். இவருக்கு மட்டும் ஏன் கொலை என்று எழுதுகிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் எழுதுங்கள். நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன். ஒரு கைக்கு ஒரு உயிர் அதிகம் என்று நீங்கள் நினைக்கலாம்.

லிடியாவிடம் நேற்றுச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நான் உங்கள அப்படிச் செய்யச் சொல்லலியேக்கா" என்றாள். பிறகு வெகு நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிடியா கையுறை ஏன் போடவில்லை என்று நீங்களும் கேட்டீர்கள். எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள். ஒப்பந்தக்காரர் ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்திருந்தார். என்னுடையது அதற்கு முந்தின வாரமே கிழிந்துவிட்டது. அன்றைக்கு மழை, என் விரல்கள் மடங்கவில்லை. "ஏ லிடியா, உன் கிளவுஸக் கொஞ்சம் குடு, ரெண்டு தெரு முடிஞ்சதும் தாரேன்" என்றேன். உடனே கழற்றிக் கொடுத்தாள். இரண்டு தெரு முடிந்ததும், "அக்கா, கிளவுஸு?" என்று கையை நீட்டினாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. "இந்தத் தெரு முடியட்டும்" என்றேன். அது பதினேழாம் நம்பர் வீட்டுத் தெரு.

அதை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. லிடியாவுக்கு நான் ஒரு ஜோடி கையுறை பாக்கி.