விஷத்தை யார் குடிப்பது?

மேடையில் இருக்கும் சங்கப் பெரியவர்களே, முதலாளிமார்களே, ஷிப்டை விட்டுவிட்டு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஜெயசுதா அக்கா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் ரோஸ்மேரி. மண்ணரையில் நம் சாயப்பட்டறையின் பாதுகாப்பு அலுவலர். அக்காவின் கணவர், நம் பராமரிப்பு மேற்பார்வையாளர், பெருமதிப்பிற்குரிய வெள்ளியங்கிரி அண்ணனோடு பதினோரு வருடம் சண்டை போட்டவள்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு அழத்தான் வந்தேன். இந்தப் பேனரைப் பார்த்ததும் எரிச்சல்தான் வருகிறது. அண்ணனின் கழுத்துக்கு நீலம் அடித்து, ‘நஞ்சுண்ட நாயகனே’ என்று போட்டிருக்கிறீர்களே! அவர் சொன்ன கதையை ஒருவராவது முழுசாகக் கேட்டீர்களா?

நானும் கேட்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடப் பாதுகாப்புக் கூட்டம் என்றால், அண்ணன் பாற்கடலைக் கடைய ஆரம்பித்துவிடுவார். தேவர் ஒரு பக்கம், அசுரர் ஒரு பக்கம், நடுவில் பாம்பு. இருபது நிமிடம் ஓடிவிடும்.

“அண்ணே, நான் சர்ச்சுக்குப் போறவ. எனக்கு எதுக்கு இது? சுவத்துல மூணு மொழியில விதி ஒட்டியிருக்கேன், போதாதா?” என்பேன்.

“போதுமுங்க அம்மிணி. யாரு படிச்சாங்க, சொல்லுங்க?” என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு. ஒடிசாவிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன பிகாஷை இறங்கச் சொன்னார் ஒப்பந்தக்காரர். அவன் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் என் விதிப்பலகை! அண்ணன் ஓடி வந்தார்.

“அஞ்சு நிமிச வேலைங்க” என்றார் ஒப்பந்தக்காரர்.

“கடலைக் கடைஞ்சப்ப அமுதத்துக்கு முன்னால விஷந்தானுங்க வந்துச்சு. அதைச் சாமி குடிச்சுச்சு. இவன் சாமி இல்லீங்க, மனுசன். இவனுக்கு எதுக்குங்க விஷம்?”

பிகாஷுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அண்ணன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சொன்ன ‘விஷம்’ புரிந்தது. அந்தக் கதை அவன் ஊரிலும் இருக்கிறது! காலை வெளியே எடுத்துவிட்டான். பக்கத்துப் பட்டறையில் விஷவாயு அளக்கும் மீட்டரை இரவல் வாங்கித் தொட்டிக்குள் இறக்கினோம். அலறியது.

அப்புறம் என்ன செய்தோம்? தொட்டிக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் கட்டினோம்!

“சொந்தமா ஒரு மீட்டர் வாங்குங்கன்னா, பழம் கட்டறாங்க பாருங்க” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்தக் காலத்தில் எதற்குப் பழைய கதை என்று அவரைக் கேலி பேசியவர்களே! தொட்டி புதிது, சாயம் புதிது. அமுதம் ஒருவருக்கு, நஞ்சு இன்னொருவருக்கு என்பது புதிதா?

பன்னிரண்டு நாளுக்கு முன் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார். பொங்கலூரில் அவருடைய இறுதிச் சடங்கில் நாம் நின்றுகொண்டிருந்த நேரத்தில், அதே தொட்டிக்கு அதே ஒப்பந்தக்காரர், முந்தின நாள் வேலைக்கு வந்த ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறார். வெட்கமாக இல்லையா நமக்கு?

நான் திரும்பி வந்தபோது, தொட்டியின் மூடிமேல் பிகாஷ் உட்கார்ந்திருந்தான். புதியவரிடம் பாதி இந்தி, பாதி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான்: “பெஹ்லே, மொதல்ல, விஷம் வருது. சிவ்ஜி குடிச்சாரு. நீ சிவ்ஜியா? இல்லல்ல? உக்காரு.”

“மேடம், இவனை எந்திரிக்கச் சொல்லுங்க” என்றார் ஒப்பந்தக்காரர்.

நான் போய் பிகாஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடைப்பெடுக்கும் இயந்திர வண்டி வரும்வரை இருவரும் எழவில்லை.

அண்ணே, நாளை காலை எட்டு மணிக்கு அந்தக் கதையை நான் சொல்வேன். தப்பும் தவறுமாகச் சொல்வேன். நீளமாகவே சொல்வேன். முதலாளிமார்களே, நேரமாகிறது என்று கடிகாரத்தைக் காட்டாதீர்கள். இனி அந்தத் தொட்டிக்குள் ஒரு மனிதனும் இறங்க மாட்டான். இறங்கித்தான் ஆக வேண்டும் என்பவர், முதலில் தன் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும்!