நாலாவது துண்டு

பாரூக்: நூத்தி எம்பது. அதுக்கு மேல ஒத்த ரூவா போவாது.

நூர்ஜகான்: இந்தத் துண்ட சாலிஹா அவ கையால நெய்ஞ்சிருக்கா. அதுக்குப் போயி வெல போடறீங்களே… மெதுவா பேசுங்க, பின்னாடியே ஒக்காந்துக்கினு இருக்காங்க.

பாரூக்: இருக்கட்டும். கம்போடியாக்காரங்களுக்குத் தமிழ் எங்க தெரியும்? இருவத்தஞ்சு வருசமா ஜவுளிக்கடை. துணியத் தொட்டா வாயி தானா வெல சொல்லுது, நான் இன்னா பண்ண? கட்டம் போட்ட துண்டு. கொஞ்சம் நெருக்கமா நெய்ஞ்சிருக்கா, அவ்ளோதான். பையில எத்தினி இருக்குது?

நூர்ஜகான்: ரோட்டப் பாத்து ஓட்டுங்க. கோமுகி டேம் தாண்டிட்டோம். இனிமே பூரா வளைவு.

பாரூக்: எத்தினின்னு கேட்டேன்.

நூர்ஜகான்: …நாலு.

பாரூக்: யாருக்குன்னு குடுத்தாங்க?

நூர்ஜகான்: புள்ளைங்களுக்குன்னு… சைகை காட்டுனா.

பாரூக்: அன்சருக்கு ஒண்ணு. பர்வீனுக்கு ஒண்ணு. முடிஞ்சுது. நாலு எதுக்கு?

நூர்ஜகான்: மீதி ரெண்டு நமக்கா இருக்கும்.

பாரூக்: நம்மளுதுதான் நாம அவங்க ஊருக்குப் போனப்பவே குடுத்துட்டாங்களே. என் தோள்ல கெடக்குதே, இது இன்னா?

நூர்ஜகான்: பழசாப் போச்சுன்னு புதுசு குடுத்திருப்பா. எப்பப் பாத்தாலும் கணக்கு… குடுத்தா வாங்கிக்கணும்.

பாரூக்: வாங்கிக்கறேன். ஆனா சரக்கு ஜாஸ்தியா வந்தா எனக்குத் தூக்கம் வராது. கம்மியா வந்தா கூட சண்ட போட்டு வாங்கிடலாம். ஜாஸ்தியா வர சரக்குல ஏதோ விசயம் இருக்குதுன்னு அர்த்தம்.

நூர்ஜகான்: இன்னாங்க, திரும்பிடலாமா?

பாரூக்: எங்க?

நூர்ஜகான்: வூட்டுக்கு. பாருங்க, சாலிஹா மொகம் வெளுத்துப் போச்சு. ஆத்தோரத்துலயே பொறந்து வளந்தவ, மலை ஒத்துக்கல. அருவியெல்லாம் இன்னொரு நாளு பாத்துக்கலாம்.

பாரூக்: எலுமிச்சம்பழம் குடு, மோந்து பாக்கட்டும். நாலு பிளைட்டு மாறி வந்தவங்களுக்கு இந்த ஆம்னிதான் ஒத்துக்கலியா?

நூர்ஜகான்: உங்க வண்டி துணி மூட்ட ஏத்தற வண்டி. மூட்ட வாந்தி எடுக்காது.

பாரூக்: இன்னா சொல்றாங்க அந்தம்மா?

நூர்ஜகான்: எது?

பாரூக்: மலையக் காட்டி ஏதோ சொன்னாங்களே. இதோட மூணாவது வாட்டி. "ருக்சா"ன்னு.

நூர்ஜகான்: அது… அவங்க பாஷையில வாந்தின்னு அர்த்தம்.

பாரூக்: வாந்தி வரவங்க எதுக்கு மலையப் பாத்துச் சிரிக்கறாங்க, நூரு?

நூர்ஜகான்: லாரி வருது, ஓரங்கட்டுங்க.

பாரூக்: ஓரந்தான். சொல்லு. ருக்சார் பேரு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

நூர்ஜகான்: நான்தான் சொன்னேன்.

பாரூக்: எப்ப?

நூர்ஜகான்: மார்க்கம் சொல்ற ஜமாத்துல போயி அவங்க ஊர்ல தங்குனோமே, அப்பத்தான். ஆம்பளைங்கல்லாம் பள்ளிவாசல்ல, பொம்பளைங்க ஊர்க்காரங்க வூட்லன்னு பிரிச்சு வுட்டுட்டாங்க. நீங்க அங்க படுத்துக்கினு என்னா பேசினீங்கன்னு எனக்குத் தெரியாது, நான் சாலிஹா வூட்ல என்னா பேசினேன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளு அவ அடுப்பாண்ட ஒக்காந்து, அந்த மீன் ஊறல இருக்குதே…

பாரூக்: அதப் பத்திப் பேசாத. இப்பத்தான் இட்லி சாப்ட்டு வந்தேன்.

நூர்ஜகான்: அதக் கிண்டிக்கினே, எத்தினி புள்ளைங்கன்னு வெரல மடக்கிக் கேட்டா. ரெண்டுன்னு காட்டத்தான் கையத் தூக்கினேன். மூணாவது வெரலு தானா எழுந்துக்கிச்சு. மடக்கிப் பாத்தேன், மடங்கல.

பாரூக்: எனக்கு ரெண்டு புள்ளைங்கதான்னு கடையில, பள்ளிவாசல்ல, சொந்தக்காரங்க கல்யாணத்துல, எல்லா எடத்துலயும் சொல்லிக்கினு இருக்கேன். நாலு வருசமா.

நூர்ஜகான்: நீங்க சொல்லுங்க. நான் பெத்தது மூணு. பெரியவ ருக்சார், நர்ஸ், மலை மேல இருக்கான்னு காட்டுனேன். ஊசி போடற மாதிரி காட்டுனேன், மலை மாதிரி கையக் குவிச்சுக் காட்டுனேன். பாவம், அவ மொதல்ல மலைக்கே ஊசி போடறாளான்னு முழிச்சா.

பாரூக்: ஏன் இங்க வரதில்லன்னு அவங்க கேக்கலியா?

நூர்ஜகான்: கேட்டா. அதுக்கு சைகை எனக்குத் தெரியல. அழுதேன். அதான் பாஷைன்னு எடுத்துக்கினா போல. கொசுவலைய எடுத்து எனக்குக் கட்டிட்டு அவ வெளியில படுத்தா. மார்க்கம் சொல்லப் போன எடத்துல நான் சொன்னதே ஒண்ணுமில்லீங்க. அவ வூட்ல சாப்ட்டேன், அழுதேன், வந்தேன்.

பாரூக்: நான் சொன்னேனே.

நூர்ஜகான்: ஆமா, சொன்னீங்க! கூடப் பொறந்தவன்கிட்டப் பேசாம இருக்கறவன் தொழுகை எங்க போயி சேரும்னு மலாய் பாஷையில பயான் பண்ணீங்க. மலேசியாவுல மாமா கடையில நின்ன காலத்து மலாய் ஒருவழியா பிரயோசனப்பட்டுச்சு, அந்த ஊரு ஆம்பளைங்களுக்கும் மலாய் தெரிஞ்சிருந்துச்சு. அதக் கேட்டு பின்னாடி இருக்கற சாலிஹா புருசன், இந்த யூசுப்பு, படகுத் தகராறுல பேசாம இருந்த அண்ணன் கையப் புடிச்சு பள்ளிவாசலுக்கு இட்டுக்கினு வந்தாராமே. ஊரே அழுதுச்சுன்னு சாலிஹா காட்டுனா.

பாரூக்: எனக்கே ஆச்சரியந்தான். நம்ம ஊர்ல ஒரு கைலி விக்க அதுக்கு மேல பேசணும்.

நூர்ஜகான்: சிரிக்காதீங்க. அப்படி சொன்ன மனுசன் சொந்தப் பொண்ணு வூட்டுக்குப் போவாம அருவிய மட்டும் காட்டிட்டு எறங்கினாருன்னு தெரிஞ்சா, இவங்க ரெண்டு பேரும் நம்மள இன்னான்னு நெனப்பாங்க? இருந்த பணத்தையெல்லாம் சேத்துக்கினு நம்மளப் பாக்கன்னே வந்திருக்காங்க. சாலிஹா காலையிலேர்ந்து மலையையே பாத்துக்கினு இருக்கா. எந்த நேரம் ருக்சார் எங்கன்னு கேப்பாளோ. திரும்பிடலாங்க… கால்ல வேணாலும் வுழறேன்.

பாரூக்: அன்னிக்கு அவன் அண்ணனோட வந்தானே… எல்லாரும் போனப்புறம் என் பக்கத்துல வந்து ஒக்காந்து ஒண்ணு கேட்டான்.

நூர்ஜகான்: இன்னா கேட்டாரு?

பாரூக்: …பேச்சு குடுக்காத. வளைவுல பனி எறங்குது, ஒண்ணும் தெரியல.

நூர்ஜகான்: நான் காட்டுனது மூணு வெரலு. சத்தியமா மூணுதான். நாலாவது துண்டு எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியலீங்க. அதுவும் அது சின்னதா இருக்குது.

பாரூக்: நூல் பத்தாம போயிருக்கும்.

நூர்ஜகான்: நாலு பக்கமும் ஓரம் அடிச்சிருக்கா. பத்தாம போனதுக்கு யாராவது ஓரம் அடிப்பாங்களா? நீங்கதான் துணிக்காரரு.

பாரூக்: சரி, பால்காரரு சொகமா இருக்காரா?

நூர்ஜகான்: எந்தப் பால்காரரு?

பாரூக்: உன் போன்ல தெனம் ரெண்டு வாட்டி பேசறாரே. நாம வாங்கறது பாக்கெட் பாலு.

நூர்ஜகான்: …தெரியுமா?

பாரூக்: பால்காரருகிட்ட "மருந்து சாப்ட்டியாம்மா"ன்னு கேக்கறவ நீ ஒருத்திதான்.

நூர்ஜகான்: ருக்சார் நம்பர அந்தப் பேர்ல போட்டு வச்சிருக்கறது எப்பலேர்ந்து தெரியும்?

பாரூக்: ஒரு நாளு இருசப்பன் நம்ம கடைக்கு வந்தாரு.

நூர்ஜகான்: யாரு, மாப்ள சுபாஷோட அப்பாவா? நம்ம கடைக்கா?

பாரூக்: மலையிலேர்ந்து சந்தைக்கு வந்தவரு. அவர எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினாரு. ருக்சாரு கல்யாணத்தன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நான் தூரமா நின்னு பாத்த மொகம், மறக்குமா? தொட்டில் கட்ட துணி வேணும், பேரன் பொறந்திருக்கான்னாரு. நல்ல சேலையாப் பாத்து எடுத்துப் போட்டேன்.

நூர்ஜகான்: போட்டீங்களா… அப்புறம்?

பாரூக்: வெல சொன்னேன். சும்மா ஏத்தித்தான் சொன்னேன், பேரம் பேசுவாரு, கொறைக்கற சாக்குல பேச்சுக் குடுக்கலாம், புள்ள எப்படி இருக்குதுன்னு கேக்கலாம்னு. அந்த மனுசன் பேரமே பேசல. மடியிலேர்ந்து எடுத்து அப்படியே எண்ணி வச்சுட்டு, கும்புட்டுப் போயிட்டாரு.

நூர்ஜகான்: அல்லாவே.

பாரூக்: என் பேரனுக்குத் தொட்டில் கட்ட என்கிட்டயே முழு வெல. வியாபாரத்துல அப்படி ஒரு நஷ்டம் எனக்கு வந்ததில்ல.

நூர்ஜகான்: அப்பவே போயிருக்கலாமே…

பாரூக்: எந்த மொகத்த வச்சுக்கினு? எனக்குப் பொண்ணே இல்லன்னு சொன்ன வாயி. அவன் பேரு இன்னா?

நூர்ஜகான்: யாரு பேரு?

பாரூக்: சின்னவன் பேரு.

நூர்ஜகான்: ஆரிப். ஆரிப்குமார்னு எழுதியிருக்காங்க. ரெண்டு வூட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்னு.

பாரூக்: குமாரு… நீளமாத்தான் இருக்குது. இன்னா, சாலிஹா உன் தோளத் தட்டறாங்க?

நூர்ஜகான்: திரும்பவும் ருக்சா, ருக்சாங்கறா. இன்னாங்க, இது எந்த ரோடு? அருவிக்குப் பிரியற எடம் போயிடுச்சே!

பாரூக்: போயிடுச்சு.

நூர்ஜகான்: இது ருக்சார் வூடு இருக்கற வெள்ளிமலைக்கில்ல போவுது? வேணாங்க! நிறுத்துங்க! ஐயோ, நான் நேத்தே அவகிட்ட…

பாரூக்: அவகிட்ட இன்னா?

நூர்ஜகான்: அத்தா நாளைக்கு மேல வராரு, விருந்தாளிங்கள இட்டுக்கினு அருவிக்கு வராரு, கண்ணுல பட்டா பெரிய ரகளையாயிடும், வெளிய வராத, வூட்டப் பூட்டிக்கோன்னு சொல்லிட்டேன்.

பாரூக்: நல்ல காரியம் பண்ண.

நூர்ஜகான்: எனக்கு இன்னா தெரியும்? நீங்க அருவின்னுதானே சொன்னீங்க! ஒத்த வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா…

பாரூக்: எதிராளி வாயத் தொறக்காம நான் வெல சொன்னதே இல்ல. பழக்கம். அந்த ஓட்டு வூடுதானே? மரவள்ளி காட்ட ஒட்டினாப்புல, நீலக் கதவு?

நூர்ஜகான்: அதும் தெரியுமா உங்களுக்கு!

பாரூக்: மலைக்காரங்க எல்லாம் நம்ம கடையிலதானே துணி எடுக்கறாங்க. கேட்டா சொல்லப் போறாங்க.

நூர்ஜகான்: பூட்டித் தொங்குது பாருங்க. இருக்க மாட்டா. ஆஸ்பத்திரிக்கோ எங்கயோ போயிருப்பா. திரும்பிடலாம்… யூசுப் இன்னா சொல்றாரு?

பாரூக்: இதான் வூடான்னு கேக்கறான்.

நூர்ஜகான்: அவருக்கு எப்படி… இன்னாங்க நடக்குது இங்க?

பாரூக்: பால்காரருக்குப் போனப் போடு. சத்தமா வையி.

நூர்ஜகான்: டவரு ஒரே ஒரு கோடுதான் காட்டுது… போவுது, போவுது. அலோ?

ருக்சார்: அம்மா? அத்தா வண்டி போயிடுச்சா? ஏதோ வண்டி வந்து நின்னாப்புல சத்தம் கேட்டுச்சு, உசுரே இல்ல. நீ சொன்னாப்புல வெளிய பூட்டு போட்டுட்டு, நானும் சின்னவனும் உள்ள ஒக்காந்துக்கினு இருக்கோம். வெளயாடப் போவணும்னு அழுவறான்மா. எவ்ளோ நேரந்தான் வாயப் பொத்தறது? அம்மா… பேசு. ஏன் அழுவற?

பாரூக்: ருக்சாரு. சாவி யாருகிட்ட இருக்குது?

ருக்சார்: அத்தா?

பாரூக்: கேட்டதுக்கு பதில் சொல்லும்மா.

ருக்சார்: அவருகிட்ட. மேலண்ட சாமைக் கொல்லையில நிக்கறாரு. நீங்க எறங்கிப் போனப்புறம் வந்து தொறக்கறேன்னு… அத்தா, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. பூட்டச் சொன்னது நான்தான்.

நூர்ஜகான்: இன்னாங்க, யூசுப் எறங்கி உங்க பக்கத்துக் கதவத் தொறக்கறாரு. உங்க கையப் புடிக்கறாரு… அண்ணன் கையப் புடிச்சாப்புல. இவங்க ஊரு பாக்க வரலியா?

பாரூக்: இல்ல. நீங்க யாருகிட்டப் பேசாம இருக்கீங்கன்னு அன்னிக்குக் கேட்டான். பொண்ணு ஒருத்தி, நான் பாக்காத பேரன் ஒருத்தன்னு சொன்னேன். அப்ப நானே வந்து இட்டுக்கினு போறேன்னான்… பைய எடு, நூரு. ருக்சாரு, மாப்ளைக்குப் போனப் போட்டு சாவியோட வரச் சொல்லும்மா, அத்தா நிக்கறாருன்னு சொல்லு. அன்சருக்கு ஒண்ணு, பர்வீனுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, அந்த சின்னது சின்னவனுக்கு. நாலும் சரியாப் போச்சு. மாப்ளய மட்டும் நான் யூசுப்புகிட்டச் சொல்லாம வுட்டுட்டேன், அதனால ஒண்ணு கம்மி… என் தோள்ல கெடக்கறதக் குடுத்துடறேன், பழசுன்னு சொல்ல மாட்டாரில்ல?