தேனீ காத்த செம்மல்

— "ஆகவே, பேரவைப் பெரியோர்களே! தாமிரபரணி மலையிலிருந்து இறங்கிய நாள் முதலாக இந்நதிக்கரை கேட்டிராத ஓர் அறிவிப்பை இம்மேடையில் வெளியிடக் கடமைப்பட்டுள்ளேன். கொள்ளைநோய் வந்து நெல்லைச் சீமையின் தேனீக்கள் யாவும் மாண்டொழிந்த வேளையில், ஒரே ஒரு புறவாசலில், ஒரே ஒரு பெட்டியில், ஒரே ஒரு மனிதன்..."

— பெட்டிக்குள்ளயா இருந்தான்?

— ஏட்டி ஆவுடை, ஒத்திகை பாக்கும்போது குறுக்க வராத. நாளைக்கு அம்பாசமுத்திரத்துல பொன்னாடை. 'தேனீ காத்த செம்மல்'னு பட்டம். முப்பது வருசம் பத்திர ஆபீசுல குப்பை கொட்டினேன். ஒரு பய ஒரு துண்டு போட்டிருப்பானா?

— ரிட்டையரான அன்னைக்குச் சுவர்க் கடிகாரம் குடுத்தாகல்லா.

— அது ஓடலையே.

— நீங்களும்தான் அன்னையிலேருந்து ஓடல. சரி, அந்தத் தேனீப் பெட்டி ஸ்டாண்டுக்குப் பச்சைப் பெயின்டு அடிச்சாச்சா? இல்ல, பேச்சு முடிஞ்சப்புறமா? தேனீக்கு பங்களா மாதிரி எல்லாம் நடக்கு. என் கோழிதான் பாவம், பிஞ்ச ஓலைக் கடவப் பெட்டியில அடை கிடக்கு.

— கோழிக்கு வரலாறு கிடையாதுட்டி.

— அண்ணாச்சி, இருக்கீகளா?

— வாங்க தம்பி, புறவாசல் வழியாவே வாங்க. செம்மல் இங்கன கிணத்தடியிலதான் நிக்காக.

— ஸ்தோத்திரம் மதினி. செம்மல்னா?

— அது நாளைக்கு. இன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் அண்ணாச்சிதான்.

— வாரும் வே, பாக்கியசீலன்! என்ன வே இது? தோள்ல காலிப் பெட்டி, கையில புகை போடுற டப்பா. சண்டைக்கு வந்த மாதிரில்லா நிக்கீரு?

— முந்தாநாளே சொன்னேனே அண்ணாச்சி. மாசி பாதி தாண்டிட்டு. முருங்கையெல்லாம் பூத்துக் கொட்டுது. இனி வேம்பும் பூத்துரும். கூட்டம் பெருகிப் பிரியிற நேரம் இதுதான். உங்க பெட்டியத் திறந்து பாத்து, புது ராணிக்கு அறை கட்டியிருந்தா, பாதியப் பிரிச்சுத் தாரேன்னீகல்லா?

— தாரேன்னுதான் சொன்னேன். திறப்பேன்னு சொன்னேனா?

— திறக்காம எப்படி அண்ணாச்சி பிரிக்க?

— அங்கதான் வே அறிவியல் யோசிக்கணும். நீரு சயின்சு வாத்தியாருதான?

— தம்பி, அவுகளுக்குப் பயம். நீங்க திறங்க.

— பயமா? எனக்கா? குறித்துக்கொள்ளும் வே. நோய் வந்த வருசம் ஊருல ஒரு பெட்டி மிஞ்சல. பன்னெண்டு பெட்டி வச்சிருந்த உம்ம வீட்டுலயே ஒண்ணும் நிக்கல. என்னுது மட்டும் நின்னுது. அப்ப நான் ஊருலகூட இல்ல. கண் ஆபரேஷனுக்கு மதுரையில ஒரு மாசம் கிடந்தேன். கண்ணைக் கட்டிப் போட்டிருந்தாலும் மனசு பூரா இந்தப் பெட்டியிலதான். அந்த ஆன்ம பலந்தான் வே காத்தது. பேச்சுல ரெண்டாவது பத்தியில வருது.

— ஏங்க, வீட்டுக்கு வந்தவர நிக்க வச்சு, அவரு தேனீ செத்ததைச் சொல்லிக் காட்டுதீகளே.

— விடுங்க மதினி. அண்ணாச்சி சொல்லுதது நெசந்தான். ஒரு நா காலையில குஞ்சுப் புழு ரெண்டை வாசல்ல இழுத்துப் போட்டிருந்துச்சு. அடுத்தாப்புல பத்து. பொறவு கைநிறைய. உள்ள பாத்தா, எல்லாம் நிமிந்து நின்னு செத்திருக்கு, தண்ணி கோத்த பை மாதிரி. பெருசுக அதுகளத் தூக்கித் தூக்கி வெளிய போட்டுட்டு, ஒரு நா அதுகளும் கிளம்பிப் போயிட்டு. எங்க வீட்டுக்காரி ஜெபராணிதான் பெருக்கி அள்ளுனா. நான் பன்னெண்டு பெட்டியையும் எரிச்சேன். அந்த மெழுகு எரியிற வாசனை இருக்கே, கிறிஸ்மஸ் மெழுகுத்திரிகூட எங்க வீட்டுல பொறவு ஏத்தல.

— சரி வே. அந்தப் பத்திய எடுத்துருதேன்.

— அப்ப உங்க பெட்டிதான் எனக்குக் கவலை. என் கையில சீக்கு ஒட்டியிருக்கும்னுட்டு இந்தப் பக்கமே வரல. நாலு வருசமா தெருமுக்குல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போவேன். பறக்கு, பறக்குன்னு போயி ஜெபராணிகிட்டச் சொல்லுவேன்.

— தெருமுக்குல நின்னதுக்கு நான் வேற நெனச்சேன் வே. என்கிட்ட வாங்குன குடைய மறந்துட்டீரு, அதான் ஒளியுதீருன்னு.

— வெளியூர்லேருந்து ஒரு கூட்டம் வாங்கிறலாம். ஆனா அதுல சீக்கு இருக்குமோன்னு பயம். இன்னொரு தடவ என்னால அள்ளிப் போட முடியாது அண்ணாச்சி. உங்க கூட்டம் சுத்தமா இருந்தா, பாதியக் குடுங்க. இல்லன்னா இந்த ஆசைய இன்னையோட விட்டுருதேன். ஜெபராணி காலையிலேயே பெட்டி வைக்கிற இடத்தப் பெருக்கித் தண்ணி தெளிச்சு வச்சிருக்கா.

— போதும் தம்பி. திறங்க. ஏங்க, நீங்க கிணத்துக்கு அங்கிட்டுப் போயிக்கிடுங்க. இந்தாங்க குடை, விரிச்சு மறைச்சுக்கிடுங்க.

— மேற்பார்வைக்கு ஒரு தூரம் வேணுமில்லையா, அதுக்குத்தான் போறேன். பைய வே, பைய! புகைய என் பக்கம் விடாதேயும்!

— தேங்காச் சவுரி நார்ப் புகைதான் அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாது. மூடி ஒட்டிக்கிட்டுல்லா இருக்கு. என்ன இது, கனக்கு?

— என்ன வே கனக்கு? ஏதும் செத்துக் கிடக்கா? வாயத் திறந்து சொல்லும் வே!

— ஏலேய்...

— யாரை வே 'ஏலே'ங்கீரு?

— உங்கள இல்ல அண்ணாச்சி, தன்னால வந்துட்டு. மதினி, இங்க வந்து பாருங்க. பயப்படாதீக, ஒண்ணும் செய்யாது. புழுவப் பாருங்க. வெள்ளை வெளேர்னு, சுருண்டு படுத்து, பால்ல மிதக்கு. ஒண்ணுகூட நிமிந்து நிக்கல. அங்கன ஓரத்துல நீளமா ஒண்ணு தொங்குதா? அதான் ராணி அறை. இன்னொண்ணு... மூணு இருக்கு! ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஸ்தோத்திரம்.

— அழாதீங்க தம்பி. தேனுல விழுந்துரப் போகு.

— என்ன வே நடக்கு அங்கன? அழுதீரா சிரிக்கீரா?

— ரெண்டுந்தான் அண்ணாச்சி! நோய் இல்ல! நீங்க சாமி மாதிரி!

— அப்படிச் சொல்லும். ஆவுடை, கேட்டியா?

— கேட்டேன். சாமி ஏன் கிணத்துக்குப் பின்னால குனிஞ்சு நிக்குன்னு யோசிக்கேன்.

— ஆனா ஒண்ணு புரியல அண்ணாச்சி. தட்டு கட்ட நான் குடுத்த எட்டுச் சட்டம் எங்க? மரச்சட்டத்துல ஒண்ணுகூட உள்ள இல்லையே. பெட்டி வெறும் கூடா இருக்கு. இதுக மூடியில இருந்தே நேரா மெழுகுத் தட்டு கட்டித் தொங்க விட்டிருக்கு, மரப்பொந்துல கட்டுத மாதிரி.

— சட்டம் இல்லையா?

— ஒண்ணுகூட இல்ல. நீங்கதான் எடுத்தீகளா?

— அது... ஆமா வே. நாந்தான். யோசிச்சுத்தான் எடுத்தேன்.

— அதான! எனக்கு இப்பத்தான் விளங்குது! சட்டத்துல பழைய மெழுகு, பழைய மெழுகுல சீக்கு. அத எடுத்துட்டா, புது மெழுகு, புதுக் கூடு! நாங்கல்லாம் படிச்சவங்கன்னு சட்டத்தக் கட்டிக்கிட்டு அழுதோம். நீங்க காட்டு வழிக்கே திருப்பி விட்டிருக்கீக!

— குறித்துக்கொள்ளும் வே. 'சட்டம் நீக்கிய சண்முகம்'. ஏட்டி, அந்தப் பேப்பரக் கொண்டா, மூணாவது பத்தியில சேத்துக்கிடுதேன்.

— எந்தக் கையால எடுத்தீக?

— என்னது?

— சட்டத்த எந்தக் கையால எடுத்தீகன்னு கேக்கேன். ஒரு கையில குடையில்லா இருக்கும். பெட்டி வந்த நாளையிலேருந்து நீங்க அதுகிட்டப் போயி நான் பாத்ததில்ல. கிணத்துக்கு இங்கிட்டு நின்னு 'பிள்ளைகளா, நலமா?'ம்பீக. எறும்பு ஏறாம இருக்க ஸ்டாண்டுக் காலுக்குக் கீழ கிண்ணத்துல தண்ணி ஊத்துதவ நானு. தேன் வேணும்னா கடையில வாங்குதோம்.

— தேன் எடுக்கலையா அண்ணாச்சி? நாலு வருசமாவா?

— கொல்லாமை வே. கொள்ளாமையும்.

— கொல்லல, எடுத்துக்கொள்ளவும் இல்ல. அப்ப திறக்கவே இல்லையா அண்ணாச்சி?

— என்ன வே, அப்படிப் பாக்கீரு? சரி. பயம். போதுமா? எனக்கு முதல் நாளே கண்ணுக்கிட்ட ஒண்ணு கொட்டுச்சு. அன்னையிலேருந்து பயம். ஆனா பிரியம் இல்லாம இல்ல. நீரு அன்னைக்கு சைக்கிள் கேரியர்ல அத வச்சுக்கட்டி, வாசலத் துணியால அடச்சுக் கொண்டாந்தீரே, ஞாபகம் இருக்கா? ரிட்டையராயி ரெண்டு மாசம். காலையில எழுந்து சட்டையப் போட்டுக்கிட்டு எங்க போறதுன்னு தெரியாம இந்தக் கிணத்தடியில உக்காந்திருந்தேன். நீரு சொன்னீரு, 'அண்ணாச்சி, இதுக உங்ககிட்டக் கையெழுத்துக் கேக்காது, சும்மா பக்கத்துல இருக்கும்'னு. அதோட இரைச்சலக் கேட்டுக்கிட்டுத்தான் வே நான் மறுபடி மனுசனானேன். கிட்டப் போகலன்னா என்ன? தூரத்துல இருந்து நன்றி சொல்லக் கூடாதா?

— கூடும் அண்ணாச்சி. கூடும்.

— இத ஒருநாளும் நான் உம்மகிட்டச் சொல்லல.

— இப்பச் சொல்லிட்டீகல்லா. மதினி, வீட்டுல வாழைநார் இருக்கா?

— பூக்கட்டுத நார் இருக்கு. கொண்டாரேன். எதுக்கு?

— இந்தத் தட்டுல பாதிய அறுத்து, நான் கொண்டாந்த சட்டத்துல வச்சு நாரால கட்டிருவேன். ஒரு வாரத்துல அதுகளே மெழுக வச்சு ஒட்டிக்கிட்டு, நார அறுத்துத் தள்ளிரும். ராணி அறை உள்ள தட்டு ஒண்ணு எனக்கு. பழைய ராணி இங்கனயே கிடக்கட்டும்.

— இந்தாங்க நார். நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க கட்டுங்க.

— கொட்டிரும்ட்டி!

— கொட்டுனா கொட்டட்டும். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு, இது பெருசா? இறுக்கிக் கட்டுங்க தம்பி. ம். அடுத்தது.

— ஆவுடை, உன் கையில இருக்கே... ரெண்டு, மூணு... அதுக சும்மா நடக்கு. கொட்டல.

— உங்கள மாதிரிதான். சத்தம்தான் பெருசு.

— ஏறுது மதினி! என் பெட்டிக்குள்ள ஏறுது, பாருங்க! வரிசையாப் போகுது. போங்க ராசாத்திகளா, போங்க. இருட்டுனதும் வாசல அடச்சுத் தூக்கிட்டுப் போயிருவேன். அண்ணாச்சி, நான் என்னத்தச் சொல்ல? நான் குடுத்த உயிர வச்சுக் காப்பாத்தி எனக்கே திருப்பித் தாரீக.

— நான் எங்க வே காப்பாத்துனேன்? திறந்துகூடப் பாக்கலையே. நெல்லையப்பருதான் காத்தாரு.

— கர்த்தர்தான் அண்ணாச்சி.

— சரி, ரெண்டு பேரும் சேந்து காத்திருக்கட்டும். ஆனா அந்தச் சட்டத்த எடுத்தது யாரு வே? சாமிக்கு எட்டுச் சட்டம் எதுக்கு?

— நாந்தான் எடுத்தேன்.

— நீயா?

— நீங்க மதுரையில கண்ணைக் கட்டிக்கிட்டுக் கிடந்தீகளே, அப்ப. தம்பி வீட்டுல போன மறுவாரம் இங்கயும் போயிட்டு. எல்லாம் செத்து நாத்தம் அடிச்சுச்சு. அள்ளிக் குழி தோண்டிப் புதைச்சேன். சட்டத்த வெந்நீர் அடுப்புல வச்சேன்.

— செத்துப்போச்சா? என் பிள்ளைகளா?

— மதினி, அப்ப இதுக?

— இது வேற. எங்கிருந்தோ ஒரு நா மத்தியானம் கருமேகம் மாதிரி வந்துச்சு, காலிப் பெட்டிக்குள்ள ஏறிக்கிட்டு.

— அப்ப மலையில சீக்கத் தாண்டி வந்த கூட்டமா இருக்கும். நல்லதுதான் மதினி, இன்னும் நல்லதுதான்!

— ஏட்டி, நாலு வருசமா ஏன் சொல்லல?

— கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து இறங்குனீக. பெட்டியப் பாத்தீக. 'என் பிள்ளைக எனக்காகப் பொழச்சுக் கிடக்கு'ன்னு கிணத்தடியில உக்காந்து அழுதீக. ஆபரேஷன் பண்ணுன கண்ணு, அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அப்ப என்னத்தச் சொல்ல?

— ஆவுடை... வே பாக்கியசீலன், பேச்ச மாத்தணும். பொன்னாடை இவளுக்கு. எல்லாம் செத்து, ஊரே கைவிட்டப்புறம், ஒரு பொம்பள அந்தப் பெட்டியக் கழுவி, துடச்சு, வெயில்ல காய வச்சு, என்னைக்காவது ஒரு உயிரு வரும்னு நம்பிக் காத்திருந்திருக்கா வே!

— விசுவாசம் அண்ணாச்சி! இதுதான் விசுவாசம்!

— கோழிய அடை வைக்கக் கழுவிக் காயப்போட்டேன்.