பட்டன் கடைக்கு ஒரு வலி

என் பெரியப்பாவின் ஞாபகசக்திக்கு விலை நாற்பது மதிப்பெண். விலையைப் போட்டது நான் இல்லை மேடம், நீங்கள். குறைத்துக் கேட்டுப் பார்த்தேன், இறங்கி வரவில்லை. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் அதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டான். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வருவான். நானும் அப்படித்தான் வந்தேன்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. கதவைச் சாத்த வேண்டியதில்லை, ஒளிக்கிற மாதிரி எதுவும் கிடையாது. எங்கள் குழு எடுத்த வீடியோவில், கைப்பிடி உடைந்த ஒரு மரப்பெட்டி முதல் நாள் உச்சி வரிசையில் இருக்கிறது, அடுத்த வாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அது எப்படி என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெட்டியிலிருந்து தொடங்கினால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். கடையிலிருந்து தொடங்குகிறேன்.

பெரியப்பாவுடையது பட்டன் கடை. நடுவில் நின்று கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். தரையிலிருந்து கூரை வரை ஒரே அளவில் மரப்பெட்டிகள், அலமாரிக்குள் செருகியவை. எதன் மேலும் பெயர் இல்லை. பெயர் ஒட்டினால் போட்டிக் கடைக்காரன் வாசலில் நின்றே மொத்தச் சரக்கையும் படித்துவிட்டுப் போய்விடுவான் என்பது பெரியப்பாவின் கட்சி. எந்தப் பெட்டியில் எது என்பது அவர் தலையில் இருந்தது. தலையில் என்பதுகூடச் சரியில்லை, கையில்.

டிசைன் வகுப்பில் நீங்கள் கொடுத்த வேலை உங்களுக்கே தெரியும். ஒரு யூசரைக் கவனிக்க வேண்டும், அவர் தடுமாறுகிற இடம், உங்கள் பாஷையில் வலி, எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், அந்த வலிக்கு ஒரு ப்ரோட்டோடைப், மாதிரிக் கருவி, செய்து அவரிடமே கொடுத்துச் சோதிக்க வேண்டும். எங்கள் குழுவில் மூன்று பேர். வரைவதும் வீடியோ எடுப்பதும் படக்காரி. ஒயரும் பல்பும் சர்க்யூட் என்று நாங்கள் கூப்பிடுகிற பையன். பேச்சு நான். பெரியப்பா என்றால் நம் வீட்டு ஆள், காசு கேட்க மாட்டார், டீயும் வாங்கித் தருவார். இதைவிட மலிவாக யூசர் கிடைக்க மாட்டார் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

முதல் நாள் ஒரு தையல்காரர் பழைய கோட்டோடு வந்தார். ஒரு பட்டன் அறுந்து போயிருந்தது.

"முதலாளி, இதுக்கு ஜோடி கிடைக்குமா? கோட்டு என் மாப்பிள்ளை வயசு."

"ஜோடி என்ன, சம்பந்தியே இருக்காரு," என்று பெரியப்பா ஏணியில் ஏறினார். முகம் தையல்காரர் பக்கம், வாய் அவரோடு பேச்சில். கை மட்டும் தனியாகப் பின்னால் போய், கைப்பிடி உடைந்த பெட்டியை இழுத்து, ஒரு பட்டனோடு திரும்பியது. அதே நிறம், அதே நாலு கண்.

"இவ்வளவு ஞாபகம் வெச்சிருக்கீங்களே, வீட்ல கல்யாண நாள் ஞாபகம் இருக்கா?"

"அது எந்தப் பெட்டியிலயும் இல்லியேப்பா."

படக்காரி சிரித்ததில் கேமரா ஆடிவிட்டது. அந்த ஆட்டம் வீடியோவில் இப்போதும் இருக்கும்.

அதைப் பார்த்துவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகமிருக்கிறதா? "நல்லா இருக்கு. ஆனா வலி எங்கப்பா? இது ஆய்வு இல்ல, உங்க பெரியப்பாவோட கல்யாண ஆல்பம்." வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வலி இல்லையென்றால் நாற்பதும் இல்லை என்றீர்கள். பாதியாவது போடுங்கள் என்று கேட்டேன். வலி இல்லாதவருக்குச் செய்து கொடுத்தால் அது பொம்மை என்றீர்கள். சரியான பேச்சு. அதில் எனக்கு இன்றும் குறை இல்லை.

படக்காரி வேறு கடை பார்க்கலாம் என்றாள். சர்க்யூட் வேறு பாடமே பார்க்கலாம் என்றான். ஒரு வாரம் பொறுங்கள், மனுஷன் என்றால் எங்கேயாவது வலிக்காமலா இருக்கும் என்றேன். சரக்கு கையிருப்பில் இல்லையென்றால் இல்லை என்று கைவிரிப்பவன் வியாபாரியே இல்லை மேடம். நாளைக்கு வாங்க, வரவழைத்து வைக்கிறேன் என்பான்.

காலையில் வகுப்புக்கு வருவதற்கு முன்னால் கடையைத் திறப்பது என் வேலை. பெரியப்பா எதிர்க்கடையில் டீயையும் செய்தித்தாளையும் முடித்துவிட்டு நிதானமாக வருவார். அந்த டீ ஆறுகிற நேரம் போதும். வெள்ளைச் சிப்பி பட்டன் இருந்த இடத்துக்குப் பழுப்புக் கொம்பு பட்டன் போயிற்று. கோட் பட்டன் பெட்டி, நீங்கள் கேட்ட அந்தக் கைப்பிடி உடைந்தது, கீழ் வரிசைக்கு வந்தது. முதல் நாள் அவ்வளவுதான். பேராசை எனக்கு எப்போதுமே கிடையாது.

முதல் தடவை கை வேறு பட்டனோடு திரும்பியபோது பெரியப்பா சிரித்தார். "கை கொஞ்சம் வழி தவறிடுச்சு," என்றார். இரண்டாம் தடவையும் சிரித்தார். மூன்றாம் தடவை முகத்தைத் திருப்பி, பெட்டியைப் பார்த்து இழுத்தார். அவர் பெட்டியைப் பார்த்து இழுத்ததை அதற்கு முன்னால் யாரும் கண்டதில்லை. தையல்காரர் மட்டும் விடவில்லை.

"என்ன முதலாளி, இந்த வயசுல காதலா?"

"ஆமாப்பா. ஆள் பேருதான் மறந்து போச்சு."

கடை முழுக்கச் சிரிப்பு. படக்காரி என் காதோடு, "வலி கிடைச்சாச்சு," என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவளுக்கு எதுவும் தெரியாது, அதை எழுதிக்கொள்ளுங்கள். சர்க்யூட்டுக்கும் தெரியாது. அவனுக்கு ஒயரைத் தவிர எதுவுமே தெரியாது.

அதற்குப் பிறகு வேலை ஜோராக நடந்தது. முதலில் வண்ணக் காகிதம் ஒட்டிப் பார்த்தோம். பிறகு அட்டையில் பலகை செய்து, பெட்டிக்கு ஒரு சின்ன பல்பு வைத்தோம். வேண்டிய பட்டனின் பெயரை அழுத்தினால் அந்தப் பெட்டியில் விளக்கு எரியும். நான் தினம் கொஞ்சம் மாற்றினேன். பெரியப்பா தினம் கொஞ்சம் தடுமாறினார். ஒரு தடவை ஏணியில் நின்றபடி, கையைப் பெட்டிக்குள் விடாமல் அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். படக்காரி அதைத்தான் அறிக்கையின் அட்டைப்படமாகப் போட்டாள். நல்ல படம் என்று நீங்களும் பாராட்டினீர்கள்.

அவரைத் தேற்றாமல் இல்லை. நீங்கள் வகுப்பில் சொன்னதையே சொன்னேன். "பெரியப்பா, யூசர் தப்பே பண்ண மாட்டாராம். இந்த அலமாரியோட அமைப்புதான் தப்பு."

"அலமாரி என்னடா பண்ணும் பாவம், அது மரம்," என்றார்.

சோதனைக்கு முந்தின நாள் ஒன்று நடந்தது. கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கூப்பிட்டார்.

"டேய், இங்க வா. நீ பொறந்ததுல இருந்து என்னைப் பாக்குற. நான் மாறிட்டேனா?"

"ஏன் பெரியப்பா?"

"உங்க பெரியம்மாகிட்ட கேக்க பயமா இருக்கு. அவ உடனே அழுவா. நீ படிச்சவன், மறைக்காம சொல்லு. எனக்குப் புத்தி கலங்குதா?"

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஆனால் சோதனை முடியும்வரை யூசரிடம் எதையும் உடைத்துச் சொல்லாதே, முடிவு கெட்டுவிடும் என்று சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். அதனால், "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் பெரியப்பா, அதுக்குத்தானே நாங்க இருக்கோம்," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

சோதனை பிரமாதமாக நடந்தது. விளக்கு எரிந்தது, கை போனது, சரியான பட்டன் வந்தது. ஒரு தவறுகூட இல்லை. நீங்களே எழுந்து நின்று கை தட்டினீர்கள்.

சரி, மதிப்பெண் வந்த பிறகாவது பெட்டிகளைப் பழையபடி வைத்திருக்கலாமே என்பீர்கள். வைக்கத்தான் நினைத்தேன். அதற்குள் கடைக்காரர் சங்கத்திலிருந்து ஒருவர் பலகையைப் பார்க்க வந்துவிட்டார். பிடித்துப்போய், இன்னும் பத்துக் கடைக்குச் செய்து தர முடியுமா என்றார். ஞாபகசக்தி குறைந்த ஒரு முதலாளியும், அவருக்கு வழி காட்டுகிற விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் சரக்கு போகும். பெரியப்பா பாட்டுக்கு விளக்கில்லாமல் டக்கென்று எடுத்துக் கொடுத்துவிட்டால், வாங்க வந்தவர் என்ன நினைப்பார்?

இதற்கிடையில் பெரியம்மா அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தார். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார், சொன்னார். உங்களுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்று அனுப்பிவிட்டார். நானும் உடன் போயிருந்தேன். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பெரியப்பாதான் நம்பவில்லை.

"டாக்டருக்கு என்ன தெரியும்? பட்டன் எடுக்கறது நான்ல," என்றார்.

அந்த வாரமே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் கேட்கவில்லை. கடைக்காக இதையெல்லாம் செய்தேன் என்று யாராவது சொன்னால் மனசு கஷ்டப்படும், அதனால் சொல்கிறேன். அவராகக் கொடுத்தார், நான் வேண்டாம் என்று இரண்டு தடவை மறுத்தேன். மூன்றாம் தடவை மறுத்தால் மரியாதையாக இருக்காது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். தனியாக பஸ் ஏறுவதில்லை. சாப்பிட்டேனா என்று பெரியம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் தட்டைத் தள்ளி வைக்கிறார். சட்டை போட்டதும் பட்டன்களை மேலிருந்து கீழ்வரை தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அதில் மட்டும் தவறு வருவதில்லை.

ஆனால் மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. வாரம் ஒரு தடவை கடைக்கு வருவார். பலகையின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, "நீ ஒண்ணும் சொல்லாத, நானே பாக்குறேன்," என்று ஏணியில் ஏறுவார். புதிய இடங்களை வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணியிருக்கிறார் மேடம். போன வாரம் கேட்ட பட்டன் எல்லாவற்றையும் சரியாக எடுத்துவிட்டார். சிப்பி, கொம்பு, பித்தளை, எல்லாம். கீழே இறங்கி, எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து எல்லாருக்கும் டீ சொன்னார். "டேய், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் போல இருக்குடா," என்றார். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

அதனால் இன்று காலை அவர் வருவதற்கு முன்னால் எல்லாப் பெட்டிகளையும் மாற்றிவிட்டேன். இந்தத் தடவை ஒன்றிரண்டு இல்லை, எல்லாமே. நல்ல வேலை, இடுப்பு வலிக்கிறது. வந்தார், ஸ்விட்சை அணைத்தார், ஏறினார். முதல் பெட்டி தப்பு. இரண்டாவதும் தப்பு. மூன்றாவதை இழுக்கவில்லை. "ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கடா, கால் நடுங்குது," என்றார். பிடித்துக்கொண்டேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கீழே வந்து என் தலையைத் தடவிவிட்டு, இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரிடம் போய்ச் சொல்லப் போவதாகச் சொல்கிறீர்கள். சொல்லுங்கள், தடுக்க மாட்டேன். போவதற்கு முன்னால் கணக்கை மட்டும் ஒரு தடவை பாருங்கள். நான் எடுத்தது அவருடைய ஞாபகசக்தி ஒன்றுதான். அதுவும் சேதாரமில்லாமல் அவர் தலையிலேயே இருக்கிறது, டாக்டரே சொல்லிவிட்டார். அந்த வரியை அடித்துவிடலாம். நான் கொடுத்தது ஒரு பலகை, வீட்டில் உட்கார ஓய்வு, இன்று காலை ஏணிக்குப் பிடி. கழித்துப் பார்த்தால் அவர்தான் எனக்குக் கொஞ்சம் தர வேண்டியிருக்கும். நான் கேட்க மாட்டேன். சொந்தக்காரரிடம் பாக்கி வசூலிப்பது எனக்குப் பிடிக்காது.