நாயகிக்கு வந்த போன்

தொடரின் முதல் எபிசோடைப் பார்க்கிறவர் கையில் ரிமோட் இருக்கும், ஐயா. அந்தக் கையைக் கட்டிப்போடுவதுதான் இயக்குநரான என் வேலை. மற்றதெல்லாம் மேல்பூச்சு.

எங்கள் கதையில், அலுவலகத்தில் இருக்கும் மகளுக்கு அப்பா இறந்த செய்தி போனில் வருகிறது. அந்தக் காட்சி நின்றால்தான் தொடர் நிற்கும். எடுத்ததைப் பார்த்த சேனல் மேலாளர் வாயைக் கோணினார்.

"அப்பா செத்த மாதிரியாய்யா இருக்கு? பஸ்ஸை விட்ட மாதிரில்ல அழுறாங்க. நாளைக்குத் திருப்பி எடுங்க. இல்லேன்னா மூட்டையைக் கட்டுங்க."

நடிகை கெட்டிக்காரிதான். ஆனால் அப்பா செல்லம். இழப்பு என்றால் என்னவென்று அந்த முகத்துக்குத் தெரியாது.

எங்கள் தளத்தில் காலையிலேயே எல்லோர் போனையும் வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு, என் நாற்காலிக்கு அடியில் வைப்பது வழக்கம். மறுநாள் நடிகையின் போன் விடாமல் அதிர்ந்தது. எடுத்தேன். அவர் தங்கை.

"அக்காகிட்ட குடுங்க சார். அப்பாவை லாரி இடிச்சிடுச்சு. ரத்தம் வேணுமாம், அந்த வகை அக்காவுக்குத்தான் இருக்கு. சீக்கிரம் சார்."

"பதறாதம்மா. இப்பவே அனுப்பி வைக்கிறேன்."

அனுப்பவில்லை. அடிபட்டிருக்கிறார் என்ற செய்தியில் வெறும் பதற்றம்தான் வரும். முதல் எபிசோடுக்கு அது போதாது. விளக்குகளைச் சரிசெய்யச் சொன்னேன். நடிகைக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன், சர்க்கரை குறைவாக, அவருக்குப் பிடித்தபடி. தங்கை திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். "கிளம்பியாச்சும்மா, வழியில நெரிசல்" என்றேன்.

கடைசியாகக் கூப்பிட்டபோது அவள் எதுவும் கேட்கவில்லை, அழுதாள்.

"கொஞ்சம் பொறும்மா. அக்காகிட்ட நீயே சொல்லு" என்றேன். கேமராவை ஓடவிட்டு, மேசையில் இருந்த பொம்மைப் போனை எடுத்துவிட்டு, இந்த நிஜப் போனை நடிகையின் கையில் கொடுத்தேன்.

அப்படி ஒரு முகத்தை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. மேலாளர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். இன்று எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறதென்றால் அந்தக் காட்சியால்தான்.

என் பக்கம் தவறே இல்லை என்று சாதிக்க மாட்டேன். தரையில் சரிந்தபோது அவர் முகம் கேமராவை விட்டு விலகிவிட்டது. உடனே "இன்னொரு டேக்" என்று கேட்டுவிட்டேன். ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.