ஸ்டிக்கர் மாப்பிள்ளை

வெயிலில் லேபிள் ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும், ஐயா. பெட்டியைத் துடைத்துக் காயவிட வேண்டும். குமிழ் விழாமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரே கோடையில் உரிந்துவிடும்.

சூரிய மின்சாரம் போட்டுத் தரும் நிறுவனத்தில் எனக்கு அதுதான் வேலை. என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவன், அங்கேயே இன்ஜினியர். அவன் பொருத்தும் பெட்டிகளில் நான் எச்சரிக்கை ஒட்டுவேன். மாமனார் வீட்டில் எனக்கு 'ஸ்டிக்கர் மாப்பிள்ளை' என்று பெயர். வைத்தவன் அவன்தான். கெட்ட எண்ணம் கிடையாது. அவன் சிரித்தால் எதிரில் இருப்பவரும் சிரித்துவிடுவார். பெயர் வைத்த அன்றைக்கு மாமியார் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். என்னிடம் பேசும்போது அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாமனார் வீட்டு மாடியிலும் பேனல் போட்டோம். வருகிறவர்களிடமெல்லாம் மாமனார், "எல்லாம் சின்ன மாப்பிள்ளை கைவண்ணம்" என்பார். பக்கத்தில் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த மாடியில் ஒரு சுவிட்சுப் பெட்டி. அணைத்துவிட்டால் இன்வெர்ட்டருக்குப் போகும் கம்பியில் மின்சாரம் இருக்காது. பேனலிலிருந்து வரும் கம்பியில் வெயில் இருக்கும்வரை இருக்கும். தொட்டால் ஆளை விடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். எது எந்தப் பக்கம் என்பதை லேபிள்தான் சொல்லும். அதனால்தான் அதைக் கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் இன்வெர்ட்டர் பழுதானது. மறுநாள் வந்து கம்பி மாற்றுவதாக அவன் சொன்னான். சாயங்காலம் நான் மாடிக்குப் போய், இரண்டு லேபிளையும் உரித்துவிட்டு, புதிதாக இடம் மாற்றி ஒட்டினேன். பழைய பசையின் தடத்தை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். நன்றாகத் துடைத்ததாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் நல்ல வெயில். உதவிக்கு நானும் போனேன். அவன் சுவிட்சை அணைத்தான். சோதிக்கும் மீட்டர் கீழே வண்டியில் இருந்தது.

"மீட்டரை எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன். கேட்டேன் ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"எதுக்கு சகலை? நீங்க ஒட்டினதுல என்னைக்குத் தப்பு வந்திருக்கு?"

இன்வெர்ட்டர் பக்கம் என்று லேபிள் சொன்ன கம்பியின் திருகாணி சின்னது, கையுறையோடு பிடிபடவில்லை. கழற்றி வைத்தான். அப்போதுகூட நான் தடுத்திருக்கலாம். கீழேயிருந்து மாமியார் குரல் வந்தது. "சின்ன மாப்பிள்ளே, காபி ஆறுது பாருங்க."

இருவரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை.

பெரிய சத்தமெல்லாம் வரவில்லை.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவனுக்கும் தப்பு வரும் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் மாமனார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இனிமே எங்களுக்குன்னு இருக்கற ஒரே மாப்பிள்ளை நீங்கதான்."

அதைக் கேட்க அவனும் அங்கே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.